தோல் வணிகமும் புரத நானோ துகள்களும்: சென்னையின் கொலாஜன் ஆய்வு வரலாறு

முன்னுரை

புரதத்தை நானோ துகளாக்கி அதனுள் மருந்தை ஏற்றும் முறை அண்மைக் காலத்தது. அதற்குரிய மூலப்பொருள்களுள் ஒன்றான கொலாஜன் பற்றிய அறிவு வளர்ந்த களங்களுள் சென்னை குறிப்பிடத்தக்கது. இராயபுரத்தை அடுத்த துறைமுகத்தின் வழியே பதனிட்ட தோல்கள் நெடுங்காலம் ஏற்றுமதியாயின. அத்தொழிலின் ஆய்வுத் தேவைக்கென 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் தோன்றியது.

கட்டமைப்பும் பயன்பாடும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கொலாஜன் முப்புரி அமைப்புடையது என 1954இல் 'நேச்சர்' இதழில் நிறுவினர். அப்புரிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என 1955இல் அக்கருத்தைச் செம்மைப்படுத்தினர். மூன்றாம் இடந்தோறும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமைவதாலேயே மூவிழைகளும் நெருங்கிப் பொருந்துகின்றன.

வெப்பத்தால் இம்முறுக்கு அவிழும்போது கொலாஜன் ஜெலட்டின் ஆகிறது. ஜெலட்டின் கரைசலில் அசிட்டோனை மெல்லச் சேர்க்கையில், நீரிழந்த புரதம் துகளாகத் திரள்கிறது. குளுட்டரால்டிஹைடு குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி அத்துகளை நிலைப்படுத்துகிறது. தோல் பதனிடுதலிலும் இவ்வேதிப்பொருள் இதே பணியைச் செய்வது கருதத்தக்கது. எனினும் அதன் எச்சம் நச்சுடையது. ஆதலால் மருந்துத் துகளிலிருந்து அதனை முற்றிலும் நீக்குதல் வேண்டும்.

முடிவுரை

அல்புமின் துகளில் ஏற்றிய பாக்ளிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்கா 2005இல் ஒப்புதல் அளித்தது. புரதத் துகளின் மருத்துவப் பயன் அதனால் உறுதிப்பட்டது. இராமச்சந்திரனின் ஆய்வு மருந்தை நோக்கியதன்று. ஆயினும் துறைமுகம் சரக்காகக் கண்ட தோலை அது மூலக்கூறாகக் காட்டியது. காசிமேட்டில் கழிக்கப்படும் மீன்தோலிலும் செதிலிலும் கொலாஜன் உண்டு. ஆதலின் அவற்றையும் அப்பார்வையில் ஆராய்தல் வடசென்னைக்குப் பயன் தரும் எனலாம்.