கம்ப்யூட்டருக்குள் ஓடும் தண்ணீருக்கு ஒரு டாக்டர் எழுதிய விதி


விலை உயர்ந்த கேமிங் கம்ப்யூட்டர்களில் தண்ணீர் ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. பம்ப், ட்யூப், சிப் மேல உட்காரும் செம்பு பிளாக், ரேடியேட்டர், மறுபடியும் பம்ப்.

நம்ம இரத்த ஓட்டம் மாதிரியே இருக்குல்ல?

குறுகலான குழாயில் எவ்வளவு திரவம் ஓடும்னு சொல்லும் விதியைத் தந்தவரும், இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த ஒரு டாக்டர்தான்.

பெயர் பாய்சொய். 1797இல் பாரிஸில் பிறந்தவர். 1828இல் பாதரசம் நிரப்பிய குழாயை வைத்து தமனியின் இரத்த அழுத்தத்தை அளந்தார். பிறகு தவளையின் தந்துகிகளை ஆராய்ந்தார்.

இரத்தம் உறைஞ்சிடும். அதனால மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு, பொறுமையா அளந்தார். 1840களில் முடிவுகள் வெளிவந்தன. ஜெர்மன் பொறியாளர் ஹேகனும் 1839இல் தனியாக இதே விதியை நெருங்கியிருந்தார்.

விதி இதுதான்:
👉 குழாயின் நீளம் இரு மடங்கானால் ஓட்டம் பாதியாகும்.
👉 ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும்!

இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம்.

1980இல் ஐபிஎம் 3081 என்ற பெரிய கம்ப்யூட்டர் தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது. ஆனா ஒரு சிக்கல். வெப்பத்தை நல்லா உறிஞ்சணும்னா தண்ணீர் மிகக் குறுகலான பாதையில் ஓடணும். குறுகினால் பாய்சொய் விதி ஓட்டத்தைத் தடுக்கும்.

1981இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேன், பீஸ் இருவரும் வழி கண்டாங்க. சிலிக்கானில் சுமார் 50 மைக்ரான் அகலத்தில் வாய்க்கால்கள். குறுகலா, குட்டையா, பக்கத்துல பக்கத்துல நிறைய. ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட் வெப்பத்தை அது எடுத்துச்சு. நம்ம வீட்டு 750 வாட் அயர்ன் பாக்ஸின் மொத்தச் சூட்டையும் ஒரு விரல் நக அளவு இடத்தில் எடுத்த மாதிரி.

நம்ம உடம்பும் இதைத்தானே செய்யுது? ஒரு தந்துகி ரொம்பக் குறுகல். கோடிக்கணக்கில் பக்கம் பக்கமா இருப்பதால் இரத்தம் சிரமமில்லாம போகுது.

இன்றைய பல பிளாக்குகளில் தண்ணீர் நடுவில் நுழைந்து இரு பக்கமும் பிரியும். பாதை நீளம் பாதி, ஒவ்வொரு பக்கமும் ஓட்டம் பாதி. அதனால தேவைப்படும் அழுத்தம் நாலில் ஒரு பங்குதான்.

இன்னொன்று. வரிசையா இணைச்ச லூப்பில் எல்லா இடத்திலும் ஓட்டம் ஒரே அளவுதான். ஒரு பிளாக் அடைச்சா மொத்தமும் மந்தமாகும். அதுக்காக பெரிய பம்ப் மேல காசைக் கொட்டவும் வேண்டாம். 350 வாட் வெப்பத்தை எடுக்கும்போது, நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் சுமார் 5 டிகிரி சூடாகும். 2 லிட்டர்னா 2.5 டிகிரி, 4 லிட்டர்னா 1.25 டிகிரி. போகப் போக லாபம் குறையுது பாருங்க.

சரி, இதை ஒரு டாக்டர் ஏன் சொல்றேன்?

பிரசவத்தில் இரத்தப்போக்கு, சாலை விபத்துன்னு வந்தா இரண்டு கைகளிலும் தடிமனான, குட்டையான வென்ஃப்ளான் போடுவோம். "ஏன் இவ்ளோ பெரிய ஊசி?"ன்னு உறவினர்கள் பதறுவாங்க. மெல்லிய ஊசியில் பாட்டிலை எவ்வளவு உயரத்தில் மாட்டினாலும் இழந்த இரத்தத்தை அந்த வேகத்தில் ஈடுகட்ட முடியாது.

அந்தப் பெரிய ஊசிக்குப் பின்னால பாய்சொய் இருக்கார். உயிரைக் காப்பாத்தத்தான் போடுறோம். தயவுசெய்து தடுக்காதீங்க.