குடிபுகுந்த பிறகு: ஹாலிவுட்டின் புதுமணத் தம்பதிப் படங்கள், 1920–1972

காதல் நகைச்சுவை என்னும் நாடக வகை, கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் காலந்தொட்டே, திருமணத்தில் போய் முடிவதைத் தன் இலக்கணமாகக் கொண்டது. இளைஞனும் பெண்ணும் சேரவிடாமல் தடுக்கும் தந்தையின் பிடிவாதமோ பணமுடையோ ஆள்மாறாட்டமோ விலகியவுடன், விருந்தும் ஆட்டமுமாகக் கதை முடிந்துவிடும். ஹாலிவுட் இந்த இலக்கணத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது என்றாலும், மௌனப்படக் காலத்திலேயே அதிலிருந்து ஒரு சிறு கிளை பிரிந்து, மற்றப் படங்கள் முடியும் இடத்தில் தன் கதையைத் தொடங்கியது. மணமக்கள் தேவாலயத்தின் படியிறங்குவது அதற்கு முதற்காட்சி. அடுத்த ஒரு வாரத்திலோ முதல் ஓராண்டிலோ அவர்கள் படும் பாடு அதன் கதை. மாற்றாளோ கடுகடுத்த மாமியாரோ இப்படங்களில் எப்போதாவது தலைகாட்டுவதுண்டு. ஆனால் தம்பதியரை எதிர்த்து நிற்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அவர்கள் குடியிருக்கும் வீடு. ஆகவே இப்படங்களின் வரலாற்றை நட்சத்திரங்களின் வரலாறாக எழுதுவதைவிட, அமெரிக்காவின் வாடகை, கட்டுமானம், வீட்டுக்கடன் ஆகியவற்றின் வரலாற்றோடு சேர்த்து எழுதுவதே பொருந்தும்.

அமெரிக்கக் குடும்ப வழக்கம் இதற்கு ஒரு காரணம். 'தனிக்குடித்தனம்' என்று தமிழில் ஒரு சொல் தனியாக இருப்பதே, மணமானவர்கள் பெற்றோரோடு சேர்ந்திருப்பதை இம்மொழி பேசுவோர் நெடுங்காலம் இயல்பாகக் கருதியதைக் காட்டுகிறது. வடமேற்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த வழக்கமோ இதற்கு நேர்மாறானது: தனியே ஒரு வீடு அமைத்துக்கொள்ள வகையுள்ளவனே மணம் செய்துகொள்ளத் தகுந்தவன் என்பது அது. வீடில்லாத தம்பதி அங்கே பாதி மணமான தம்பதி. எனவே வீடு கிடைப்பது அரிதான ஒவ்வொரு காலத்திலும் திரைக்கதை எழுதுவோருக்குப் புதிய சரக்குக் கிடைத்தது.

இவ்வகையின் முதற்சாதனை, பஸ்டர் கீட்டனும் எட்வர்ட் கிளைனும் இயக்கி 1920இல் வெளிவந்த 'ஒன் வீக்', அதாவது 'ஒரு வாரம்', என்னும் இரண்டு ரீல் மௌனப்படம். ரீல் என்பது பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஓடும் ஒரு படச்சுருள். கீட்டனும் சிபில் சீலியும் நடித்த தம்பதிக்கு உறவினர் ஒருவர் மனையொன்றையும், பெட்டி பெட்டியாகப் பிரித்து எண்ணிட்ட ஒரு வீட்டையும் திருமணப் பரிசாகத் தருகிறார். எண் வரிசைப்படி பூட்டினால் வீடாகிவிடும். பெண்ணை மணக்க முடியாமல் போன ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிட, கோணல்மாணலாக ஒரு வீடு எழும்புகிறது. மாடியில் உள்ள கதவைத் திறந்தால் கால்வைக்கத் தரையில்லை. குடிபுகுந்த நாளில் வீசும் சூறைக்காற்றில் வீடு பம்பரமாகச் சுழன்று விருந்தினரை வெளியே வீசுகிறது. இக்காட்சிக்காக உண்மையிலேயே ஒரு சுழல்மேடைமீது வீட்டைக் கட்டினார்கள்.

இன்று இது வெறும் கூத்தாகத் தோன்றலாம். ஆனால் சியர்ஸ் ரோபக் என்னும் அஞ்சல்வழி வணிக நிறுவனம், விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கும் முழு வீடுகளை, அளவாக அறுத்த மரமும் ஆணியும் சாயமுமாக ரயிலில் ஏற்றி 1908 முதல் 1940 வரை அனுப்பிவந்தது. ஏறத்தாழ 70,000 வீடுகள் இப்படி விற்றன. ஃபோர்டு கார் நிறுவனம் இத்தகைய வீடு கட்டுவதை விளக்கி 1919இல் 'ஹோம் மேட்' என்றொரு படம் எடுத்திருந்தது. அதில் வரும் திருமணத்தையும் நாள்காட்டித் தாள் கிழிபடுவதையும் எடுத்துக்கொண்டு கீட்டன் கேலி செய்தார். படத்தின் முடிவில், தாங்கள் வீடு கட்டியது தவறான மனையில் என்று தெரியவர, தம்பதியர் வீட்டையே இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். எதிர்பார்த்த ரயில் பக்கத்துத் தடத்தில் விலகிப் போய்விட, பெருமூச்சு விட்ட நொடியில் மறுதிசையிலிருந்து வந்த இன்னொரு ரயில் வீட்டைத் தூளாக்குகிறது. கணவன் இடிபாட்டின்மேல் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டி, பூட்டும் முறையை விளக்கும் தாளையும் மறவாமல் அதில் வைத்துவிட்டு, மனைவியோடு நடந்து போகிறான். வீடு போயிற்று, மணம் நின்றது. பின்னால் வந்த படங்களில் பல இந்த வாய்பாட்டையே விரித்தன. ஒன்றுகூட இதன் சிக்கனத்தை எட்டவில்லை.

1920களின் மற்றப் படங்களில் விரிவாகச் சொல்ல வேண்டியவை குறைவு. ஹெரால்டு லாயிடின் 'ஹாட் வாட்டர்' (1924) மனைவியின் குடும்பத்தாரிடம் சிக்கிய புதுக் கணவனை, கையில் உயிருள்ள வான்கோழியோடு டிராம் வண்டியில் ஏற்றிச் சிரிக்க வைத்தது. ஃபிராங்க் கிரேவன் எழுதி 1920இல் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் நாடக அரங்குகள் திரண்ட பகுதியில், மேடையேறிய 'த ஃபர்ஸ்ட் இயர்' நாடகம் 1926இலும் 1932இலும் இருமுறை படமாயிற்று. 1929க்குப் பின் வந்த பெருமந்தம் சிரிப்பின் நிறத்தை மாற்றியது: இயக்குநர் ஃபிராங்க் போர்சேஜுக்கு ஆஸ்கர் விருது பெற்றுத்தந்த 'பேட் கேர்ள்' (1931) படத்தில், சொந்தமாக வானொலிக் கடை வைக்கச் சேர்த்த பணத்தைக் கணவன் மனைவிக்குத் தெரியாமல் ஒரு பெரிய குடியிருப்புக்குக் கொட்டிவிடுகிறான், அவளுக்கு அது தேவைப்படவே இல்லை.

1930இல் எழுதப்பட்டு 1934 முதல் ஜோசப் பிரீன் என்பவரின் தலைமையில் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறிமுறை, அதாவது படநிறுவனங்கள் தாமே விதித்துக்கொண்ட தணிக்கை, இந்தக் கிளைக்கு ஒரு விசித்திரமான இடைஞ்சலைக் கொடுத்தது. திருமணத்தின் புனிதத்தைக் காக்க வேண்டும் என்றது நெறிமுறை. படுக்கையறையை நாசூக்காகக் கையாள வேண்டும் என்றும் அதுவே சொன்னது. இவ்விரண்டும் சேர்ந்தபோது, முறையாக மணந்த கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் படுக்க நேர்ந்தது. இதில் பிரிட்டிஷ் தணிக்கைக் குழுவின் கெடுபிடிக்கும் பங்குண்டு. புதுமணத் தம்பதியரின் கதையில் சொல்ல வேண்டிய முதற்செய்தியைச் சொல்லக்கூடாது என்றானபின், எழுத்தாளர்கள் கட்டிலை விட்டுவிட்டுச் சுவர், படிக்கட்டு, குழாய், கதவு என்று மற்றவற்றின்மேல் கவனத்தைத் திருப்பினார்கள்.

இந்த ஆண்டுகளின் நகைச்சுவையைப் பற்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் நூல், தத்துவ அறிஞர் ஸ்டான்லி கேவல் 1981இல் வெளியிட்ட 'பர்சூட்ஸ் ஆஃப் ஹாப்பினெஸ்'. 1934க்கும் 1949க்கும் இடையில் வந்த ஏழு படங்களை அவர் 'மறுமண நகைச்சுவை' என்று வகைப்படுத்தினார். பிரிந்த இணை மீண்டும் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வது அதன் சாரம். கூர்மையான வகைப்பாடுதான், எனினும் அந்த ஏழு படங்களில் உலவுவோர் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள், மாத வாடகை அவர்களுக்கு ஒரு கேள்வியே அன்று. வாடகையை எண்ணிப் பார்க்கும் தம்பதியர் அவர் நூலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

அவர்களைத் திரையின் நடுவே கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். பெருமந்தத்தில் படுத்துப்போன கட்டுமானத் தொழில் போர்க்காலக் கட்டுப்பாடுகளால் மேலும் ஒடுங்க, தலைநகர் வாஷிங்டனிலோ அரசுப் பணிக்கு ஆள்கள் குவிந்தனர். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'த மோர் த மெரியர்' (1943) இந்த நெரிசலில் விளைந்தது: ஜீன் ஆர்தர் தன் குடியிருப்பில் பாதியை ஒரு முதியவருக்கு உள்வாடகைக்கு விட, அவர் தன் பாதியில் பாதியைப் படைப்பணிக்குப் புறப்படவிருக்கும் ஜோயல் மெக்ரியாவுக்கு விடுகிறார். ஆர்தரின் கட்டிலும் மெக்ரியாவின் கட்டிலும் ஒரே மெல்லிய சுவரின் இருபுறமும் கிடக்க, கேமரா இரண்டையும் ஒருசேரக் காட்டும்போது அவர்கள் ஒரே படுக்கையில் பேசிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். நெறிமுறையின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைக் கவிழ்த்த காட்சி இது. ஊர்ப்பழிக்கு அஞ்சி அவர்கள் அவசரமாக மணந்து, பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்று வீடு திரும்பினால், முதியவர் அந்த இடைச்சுவரையே அகற்றிவிட்டிருக்கிறார். அந்த வேடத்துக்காக சார்லஸ் கோபர்ன் ஆஸ்கர் பெற்றார்.

போர் முடிந்து 1946இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 22.9 லட்சம் திருமணங்கள் நடந்தன. இத்தனை பேருக்கும் வீடில்லை. ஹோவர்டு ஹாக்ஸின் 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைடு' (1949) இந்நிலையின் உச்சக் கேலி. அமெரிக்கப் படையினர் வெளிநாட்டில் மணந்த துணைகளை அழைத்துவர 1945 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. படிவங்களோ துணை என்றால் மனைவி என்றே எண்ணின. பெண் அதிகாரியை மணந்த பிரெஞ்சுக்காரராக வரும் கேரி கிராண்ட், 'போர்க்கால மணப்பெண்' என்று பதிவாகி, கணவர்களுக்கான இடத்திலும் மணப்பெண்களுக்கான இடத்திலும் சேர முடியாமல், இரவெல்லாம் படுக்க ஓரிடம் தேடி அலைகிறார். 1944இன் படைவீரர் நலச்சட்டம் கல்விக் கட்டணமும் வீட்டுக்கடன் உத்தரவாதமும் தந்ததால், 1947இல் கல்லூரிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்களாக இருந்தனர். அவர்களில் ஒரு தம்பதி ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டின் பரணில் குடியேறும் கதையே ஜார்ஜ் சீட்டனின் 'அபார்ட்மென்ட் ஃபார் பெகி' (1948).

1947 முதல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் என்னும் புறநகர், 17,000க்கும் மேற்பட்ட ஒரே அச்சு வீடுகளோடு, இந்தத் தட்டுப்பாட்டைத் தணித்தது, வெள்ளையருக்கு மட்டும். கறுப்பினத்தவரை விலக்கும் விதி அங்கே குத்தகைப் பத்திரத்திலேயே இருந்தது. புதுமணப் படங்களில் கறுப்பினத் தம்பதியர் கண்ணிலேயே படாததற்கும் இந்த வீட்டுமனைக் கொள்கைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. லெவிட்டவுன் போன்ற ஒரே அச்சு வீட்டில் முடங்க விரும்பாத மணப்பெண்ணைக் காட்டியது வின்சென்ட் மினெல்லியின் 'த லாங், லாங் டிரெய்லர்' (1954). காரின் பின்னே கட்டி இழுக்கும் சக்கர வீட்டுக்கு டிரெய்லர் என்று பெயர். நிஜ வாழ்விலும் தம்பதியரான லூசில் பாலும் டெசி அர்னாஸும் அதில் ஏறிப் புறப்பட, அவள் ஊருக்கு ஊர் நினைவாகச் சேர்த்த பாறாங்கற்கள் மலைப்பாதையில் வண்டியையும் மணவாழ்வையும் ஒன்றாகப் பின்னுக்கு இழுக்கின்றன.

இக்கிளையின் கடைசிப் பெரும் வெற்றி நீல் சைமனின் 'பேர்ஃபுட் இன் த பார்க்', அதாவது 'பூங்காவில் வெறுங்காலோடு'. 1963இல் மைக் நிக்கல்ஸ் இயக்கத்தில் பிராட்வேயில் தொடங்கி 1,530 காட்சிகள் நடந்த இந்நாடகம், 1967இல் ஜேன் ஃபோண்டாவும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நடிக்கப் படமாயிற்று. ஆறு நாள் தேனிலவுக்குப் பின் தம்பதியர் குடிவருவது நியூயார்க்கில் மின்தூக்கியில்லாத ஐந்தாம் மாடிக்கு. கூரைக் கண்ணாடியின் ஓட்டை வழியே பனி உள்ளே விழுகிறது, கட்டில் போட்டால் படுக்கையறை நிறைந்துவிடுகிறது. தொலைபேசிக்காரர் முதல் மாமியார் வரை மூச்சிரைக்க ஏறிவருவதே பாதி நகைச்சுவை. ஏறக்குறைய இதே காலத்தில் பாசு சாட்டர்ஜியின் இந்திப் படம் 'பியா கா கர்' (1972), 1970இன் மராத்திப் படம் ஒன்றைத் தழுவி, பம்பாயின் சிறு குடியிருப்பில் கூட்டுக்குடும்பத்தின் நடுவே தனிமையே கிடைக்காத தம்பதியரைக் காட்டியது. நியூயார்க்கில் இருவரும் தனித்து விடப்பட்டதால் சண்டை, பம்பாயில் தனித்து விடப்படாததால் தவிப்பு.

'பேர்ஃபுட்' கதையில் மனைவி குடிவந்த சில நாட்களிலேயே விவாகரத்துக் கேட்கிறாள், பார்வையாளர் சிரிக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் 1967 செப்டம்பர் வரை விவாகரத்துக்குப் பிறன்மனை உறவு ஒன்றே சட்டபூர்வமான காரணம். கால் செருப்பைக் கழற்றிப் பூங்காவில் நடக்க மறுத்த கணவனை எந்த நீதிமன்றமும் பிரித்துவைத்திருக்காது. மிரட்டல் வெற்று மிரட்டல் என்பதால்தான் அது வேடிக்கை. கலிபோர்னியாவில் 1970 ஜனவரி முதல், குற்றம் மெய்ப்பிக்கத் தேவையில்லாத விவாகரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1972இல் அதே நீல் சைமன் எழுத, எலைன் மே இயக்கிய 'த ஹார்ட்பிரேக் கிட்' படத்தில், தேனிலவுக்கு மயாமி சென்ற மாப்பிள்ளை, வெயிலில் தோல் கன்றி அறையில் கிடக்கும் மனைவியை ஒரே வாரத்துக்குள் விட்டுவிட்டு, கடற்கரையில் கண்ட வேறொரு பெண்ணின் பின்னே போகிறான். கார், விடுதியறை, உணவகம், இரண்டாம் திருமண விருந்து என்று படம் முடிகிறது; முதல் மனைவியோடு அவன் குடிபுகுந்த வீடு என்ற ஒன்று அதில் வரவே இல்லை.