காவிரியைக் காண ஒரு மலை

நாற்புறமும் வயலும் தோப்புமாகப் பரந்து கிடக்கும் சமவெளியின் நடுவே, தொடரோ துணையோ இன்றித் தனித்து எழுந்து நிற்கும் திருச்சிராப்பள்ளிப் பாறை, இமயமலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உண்டானது என்பது நிலநூலார் முடிபு. அதன் உயரம் ஏறத்தாழ 273 அடிதான். நீலகிரியையும் கொல்லிமலையையும் கண்டவர்களுக்கு அது ஒரு குன்றாகவே தோன்றும். ஆயினும், மலையின்மீது ஏறி நின்று நாட்டைக் கண்ணாரக் காண்பது ஓர் இன்பம் என்பதையும், அந்த இன்பத்திற்கென்றே ஒரு ஸ்தானத்தை அமைக்கலாம் என்பதையும் கல்லில் வெட்டி வைத்த பெருமை இந்தக் குன்றுக்கு உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தச் சாசனம் அங்கேயே இருக்கிறது.

மலைக்காட்சியை ரசிக்கும் பழக்கம் மேனாட்டில் எப்பொழுது தொடங்கியது என்று ஆராய்ந்த சரித்திர ஆசிரியர்கள், 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தம் தம்பியை உடன் அழைத்துக்கொண்டு, தென் பிரான்ஸிலுள்ள வாந்தூ மலையின் உச்சிக்கு ஏறியதைப் பெரும்பாலும் முதலில் கூறுவார்கள். அந்த உயரத்தைக் காண வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் தமக்கு இல்லை என்று அவரே எழுதி வைத்திருப்பதுதான் அதற்கு ஆதாரம். ஆல்ப்ஸ் மலையின் அடிவாரக் குன்றுகளில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஏறத் தொடங்கியது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்புதான். ஸ்விட்ஸர்லாந்தில் லூசர்ன் ஏரிக்கரையிலுள்ள ரிகி மலையை எடுத்துக்கொண்டால், பனிமாதா என்று வழங்கும் மரியன்னையின் சிற்றாலயத்திற்குப் பிரார்த்தனை செலுத்தப் போன யாத்திரிகர்கள் நடந்த மலை அது. பின்னாளில் அதன் உச்சியில் சூரியோதயம் காண்பதற்கென்று தேசம் தேசமாக மனிதர்கள் வந்தார்கள். 1871ஆம் ஆண்டில் பற்சக்கர ரயில் பாதையே போடப்பட்டது. அங்கே பக்தி முன்னே சென்றது, காட்சி பின்னே வந்தது. நம் சிராப்பள்ளி மலையில் இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே அரசனுடைய உள்ளத்தில் பிறந்திருக்கின்றன.

அந்த அரசன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். அவன் தந்தை சிம்மவிஷ்ணு காவிரி வரையில் நாட்டை வென்று வைத்திருந்தான். குணபரன், லளிதாங்குரன், சத்துருமல்லன் என்று பல விருதுப் பெயர்களைத் தாங்கிய மகேந்திரன், தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிக்கு ஏறும் வழியில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்து, அதற்கு லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று தன் விருதுப் பெயரையே இட்டான். செங்கல், மரம், சுதை ஆகியவற்றால் கோயில் எடுப்பதே வழக்கமாயிருந்த காலத்தில் மலையைக் குடைந்து கோயில் ஆக்கும் முறையைத் தொண்டைநாட்டில் பரப்பியவன் அவன். அம்முறையில் காவிரிக் கரையில் அவன் அமைத்த கோயில் இது. தெற்கு நோக்கிய அந்த மண்டபத்தின் கீழ்ப்புறத்தில் கருவறையும், அதற்கு நேர் எதிரே மேற்குச் சுவரில் கங்காதர மூர்த்தியின் சிற்பமும் இருக்கின்றன. விரித்த சடைக்கற்றை ஒன்றினால் கங்கையை ஏற்று, முயலகன்மீது ஒரு காலை ஊன்றி நிற்கும் அந்தத் திருவுருவத்தைப் பல்லவ சிற்பத்தின் சிகரங்களில் ஒன்றாக மதிக்கலாம்.

சிற்பத்தின் இருமருங்கிலும் உள்ள தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. டாக்டர் ஹுல்ட்ஷ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற் பகுதியில் அவற்றைப் பதிப்பித்து உலகுக்கு அளித்தார். அவற்றுள் ஒன்றின் கருத்து இது: பூமியில் ஒரு கோயிலுக்குள் இருந்துகொண்டு சோழர்களின் செல்வப் பெருக்கையும் காவிரி நதியையும் நான் எப்படிக் காண்பேன் என்று சிவபெருமான் கேட்டருளினாராம், மனுவைப் போல் ஆட்சி புரிந்த குணபரன் அதனைக் கேட்டு, மேகத்தைத் தொடும் இந்த மலைக்கோயிலை அவருக்கு அளித்தானாம். உலகத்தின் எந்த மலைக்கோயில் எதற்காக எழுந்தது என்று கேட்டாலும், தவம், தனிமை, தேவர்களின் வாசம், அசுரனின் சாபம் என்றே பெரும்பாலும் விடை வரும். இங்கே கடவுள் மலைமேல் ஏறியதற்குக் காரணம், கீழே உள்ள நாட்டைப் பார்க்கும் ஆசை! கல்வெட்டு இலக்கியத்தில் இதற்கு இணையாக மற்றொன்றை நான் படித்ததில்லை.

இன்னொரு சுலோகம் இதனினும் சுவையானது. நதிகளிடத்தில் பிரியமுள்ளவர் சிவபெருமான். கங்கையைத் தலையில் ஏற்றவர் அல்லவா? கண்ணுக்கினிய நீரும், கரையெல்லாம் மாலை போன்ற சோலைகளும், விரும்பத்தக்க குணங்களும் உடைய காவிரியைக் கண்டால் அவளிடத்திலும் அவர் மனம் சென்றுவிடக்கூடும் என்று மலைமகளான பார்வதிக்கு ஐயம் உண்டாயிற்றாம். ஆகவே அவள் தன் பிறந்தகத்தை விட்டு இந்த மலைக்கே வந்து குடியிருந்து, இவள் பல்லவனுக்கு உரிய நாயகி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். வென்ற நாட்டைத் தன்னுடையது என்று முழங்குவது அரசர் சாசனங்களின் பொது இயல்பு. மகேந்திரனோ, 'மத்தவிலாச'மென்னும் பிரகசனத்தை இயற்றிய கவியாதலால், அந்த உரிமையை ஓர் ஊடலுக்குள் மறைத்து வைத்தான். ஆயினும் அதனுள்ளே மெய்யான கண் ஒன்று விழித்திருக்கிறது. காவிரி இருபுறமும் தோப்புகளோடு வளைந்து செல்வதை இந்த உயரத்திலிருந்து ஒருநாளாவது நின்று பார்த்தவன்தான் அந்தச் சுலோகத்தை எழுதியிருக்க முடியும்.

இம்மலைக்கு முதலில் ஏறியவர்கள் பல்லவர்கள் அல்லர். உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறமுள்ள இயற்கைக் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ளன. அவர்கள் நாடியது தனிமையை. மகேந்திரனுக்குப் பின் மலையடியில் பாண்டியர் காலத்துக் குடைவரை ஒன்று எழுந்தது. ஞானசம்பந்தர் சிராப்பள்ளியைப் பாடினார். வேம்பையர்கோன் நாராயணன் இயற்றிய சிராமலை அந்தாதியின் 104 செய்யுட்கள் மகேந்திரனுடைய குகையிலேயே கல்லில் வெட்டப்பட்டன. ஒரு தமிழ்ப் பிரபந்தம் முழுவதும் மலைக்குகைச் சுவரில் ஏடாக அமைந்திருப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

நாயக்கர்கள் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராக்கிக்கொண்ட காலத்தில் மலை கோட்டைக்குள் அடங்கி மலைக்கோட்டை ஆயிற்று. அடிவாரத்தில் தெப்பக்குளமும் அரண்மனையும் அமைந்தன. கீழே மாணிக்க விநாயகர், இடையே தாயுமானவர், மேலே உச்சிப் பிள்ளையார் என்று ஏறுகிற வழியெல்லாம் சந்நிதிகள் ஆயின. விபீஷணன் இலங்கைக்கு எடுத்துச் சென்ற அரங்கநாதரின் திருவுருவத்தைச் சிறுவனாக வந்த பிள்ளையார் காவிரிக் கரையில் இறக்கி வைத்துவிட்டு இந்த மலைமேல் ஓடி ஏறினார் என்றும், துரத்தி வந்த விபீஷணன் தலையில் குட்டிய வடு இன்றும் இருக்கிறது என்றும் ஸ்தல ஐதிகம் கூறும். உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் அரங்கமாநகரே கண்ணுக்கு எதிரில் கிடக்கிறது; அந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு இக்கதை எப்படித் தோன்றியது என்று வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் காட்சி போருக்குப் பயன்பட்டது. 1751 முதல் 1754 வரை, நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகமது அலியும் ஆங்கிலேயரும் கோட்டைக்குள்ளும், பிரெஞ்சுக்காரரும், முதலில் அவர்களோடு சேர்ந்து அதே பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் வெளியிலுமாக நடந்த முற்றுகைகளில், எதிரி எங்கே கூடாரம் அடிக்கிறான் என்று பார்ப்பதற்கு இந்தப் பாறையைவிடச் சிறந்த இடம் எது? 1752ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபின் படையும் ஸ்ரீரங்கத் தீவுக்குள் பின்வாங்கிக் கோயில் மதில்களுக்குள்ளேயே தங்கி, ஜூன் மாதத்தில் சரணடைந்தன. மறு ஆண்டு அருகிலுள்ள பொன்மலையில் மேஜர் லாரன்ஸ் போரிட்டு வென்றார். சிவபெருமான் சோழநாட்டின் செழிப்பைக் காண விரும்பிய அதே இடத்திலிருந்து, எரிந்த ஊர்களையும் வெட்டப்பட்ட தோப்புகளையும் காண நேர்ந்த காலம் அது.

போர் ஓய்ந்தபின் ஓவியர்கள் வந்தார்கள். 1792ஆம் ஆண்டில் இங்கு வந்த தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் காவிரியிலிருந்து தோன்றும் பாறையைத் தீட்டினார்கள். 1858ஆம் ஆண்டில் காப்டன் டிரைப் திருச்சிராப்பள்ளியின் புகைப்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். இவர்களுடைய கண்ணுக்கு மலை பார்க்கத்தக்க பொருளாயிற்று. மகேந்திரனுக்கோ அது, பார்ப்பதற்காக ஏறி நிற்கும் இடம். இரண்டும் ரசனைதான், ஆனால் முன்னவர்கள் தூரத்தில் நின்றுவிட, பின்னவன் மூச்சிரைக்க ஏறினான் என்பதனால் அவனிடத்தில்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

மலையேற்றம் திருச்சிராப்பள்ளிப் பிரதேசத்தில் ஒரு குன்றோடு நின்றுவிடவில்லை. நகரத்தின் மேற்கே குளித்தலையைச் சுற்றிலும், காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்று ஒரு வழக்குண்டு. காலையில் குளித்தலைக் கடம்பவனேசுவரரை வணங்கிவிட்டுத் தெற்கே நடந்து, உச்சி வேளைக்குள் ஐயர்மலை என்று ஜனங்கள் வழங்கும் இரத்தினகிரியின் 1017 படிகளையும் ஏறி, இறங்கி, மீண்டும் காவிரிக்கு வந்து ஆற்றைக் கடந்து, பொழுது சாயும் வேளையில் வடகரையிலுள்ள ஈங்கோய்மலையை அடைய வேண்டும். கார்த்திகைச் சோமவாரங்களில் இந்த யாத்திரை மிகுந்த சிறப்புடையது. பாலங்கள் இல்லாத காலத்தில் ஆற்றைக் கடக்கப் பரிசலை நம்பியோ, மணலிலும் நீரிலும் இறங்கி நடந்தோ சென்றவர்களுக்கு இது ஒரு முழு நாளின் தேகப் பரீட்சை. வெயில் தலைக்கு நேரே நிற்கும் வேளையை ஐயர்மலைக்கு ஒதுக்கியவர்கள் அந்தக் கஷ்டத்தை அறியாமல் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். வடகரை, தென்கரை, நடுவே ஆறு என்று ஒரு நாட்டையே ஒரு பகலுக்குள் கீழிருந்தும் மேலிருந்தும் காணச் செய்யும் ஒழுங்கு அது. ரிகி மலைக்கு ரயிலில் போகிறவர்கள் சூரியோதயத்தை மட்டும் காண்கிறார்கள். இந்த மூன்று கோயில் யாத்திரிகர்களோ சூரியனுடைய நாள் முழுவதற்கும் துணை நடக்கிறார்கள்.

கிழக்கே திருவெறும்பூரில் எறும்பீசுவரரின் சிறு குன்று இருக்கிறது; பொன்மலையையும் மலைக்கோட்டையையும் ஒருசேரப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே செல்லலாம்.

கூட்டம் பெருகும்போது மலைவழி ஆபத்தாவதும் உண்டு. 1849ஆம் ஆண்டு விநாயக சதுர்த்தி உற்சவத்தின்போது குறுகிய படிவழியில் ஜனங்கள் நெரிந்து பலர் மாண்டனர். அந்தத் துயரத்திற்குப் பின்பும் உற்சவம் குன்றவில்லை. சதுர்த்தியன்று உச்சிப் பிள்ளையாருக்கும் மாணிக்க விநாயகருக்குமாக 150 கிலோ கொழுக்கட்டை படைக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது.

இனி, உச்சியிலிருந்து இன்று காண்பது என்ன? கோட்டை மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டு அகழியும் தூர்ந்துபோக, மெயின்கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் எஞ்சியது. தெற்கே நகரம் நெருங்கிக் கிடக்கிறது. வடக்கே ஆற்றுக்கு அப்பால், நெடுங்காலம் மொட்டையாய் நின்று 1987ஆம் ஆண்டில் 236 அடி உயரத்திற்கு எழுந்து முடிந்த ஸ்ரீரங்கம் இராஜகோபுரம் நிற்கிறது. மகேந்திரன் காணாத காட்சி அது. திருவானைக்காவும், அதற்கப்பால் கொள்ளிடமும் புலப்படும். ஆனால் 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து, அணை திறக்கும் காலத்தையொட்டியே ஆறு நிறைகிறது. கோடையில் ஏறுகிறவர்கள் அகன்ற மணற்பரப்பைக் கண்டு, இதையா ஒரு மன்னன் இப்படிப் புகழ்ந்தான் என்று எண்ணித் திரும்புகிறார்கள்.

அவர்கள் அப்படித் திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது. அதனினும் வருத்தம் தருவது, நாள்தோறும் உச்சிக்கு ஏறும் ஆயிரக்கணக்கானவர்களில் மிகச் சிலரே பல்லவர் குகையின் முன் நிற்கிறார்கள் என்பது. ஜூன் மாதத்தில் மேட்டூர் திறந்து, முக்கொம்பில் நீர் பிரிந்து, ஆடிப்பெருக்கின்போது அம்மா மண்டபத்தில் அரங்கன் எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் வழங்கும் நாட்களில் ஆறு இரு கரையும் தழுவி ஓடும். திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்கள் அந்த நாட்களில் வாருங்கள். தாயுமானவரைத் தரிசித்தபின் நேரே உச்சிக்கு விரையாமல், மகேந்திரனுடைய குகை வாயிலில் சற்று நின்று, கங்காதரரையும் அவருக்கு இருபுறமும் உள்ள எழுத்துகளையும் பார்த்துவிட்டு, அதன்பின் மேலே சென்று வடக்கே நோக்குங்கள்.