ரெஜினா முண்டி ஆலயம், சொவெட்டோ

ரெஜினா முண்டி, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரையொட்டிய சொவெட்டோவில், ராக்வில் பகுதியில் உள்ள கத்தோலிக்கப் பங்குக் கோயில். உலக அரசியாகிய மரியன்னைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட இக்கோயில் 1964-இல் திறக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய கத்தோலிக்கக் கோயில் இதுவே. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்கள் கூடிப் பேசவும், உயிரிழந்த போராளிகளுக்கு அஞ்சலி செலுத்தவும், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் இடம் தந்ததால் ‘மக்களின் கோயில்’ என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது.

கட்டடக்கலை அழகைத் தேடி வருபவர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. செங்கல் சுவர்கள், இருபுறமும் செங்குத்தாகச் சரியும் பெருங்கூரை, அகன்ற உள்மண்டபம். ஏறத்தாழ 2,000 பேர் உட்காரலாம். நெருக்கியடித்து நின்றால் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் கொள்ளும். கோயிலின் வரலாற்றைத் தீர்மானித்ததில் இந்த இடவசதிக்குப் பெரும் பங்கு உண்டு. கறுப்பினத் தொழிலாளர்களை வெள்ளையர் நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைக்க எழுப்பப்பட்ட குடியிருப்புகளின் தொகுப்பே சொவெட்டோ. வீடுகள் நெருக்கமானவை. ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸும் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸும் 1960-லேயே தடை செய்யப்பட்டிருந்தன. 1976-க்குப் பிறகு திறந்தவெளிக் கூட்டங்களுக்கும் தடை வந்தது. இத்தனை வாசல்களையும் அடைத்த அரசால் ஜெபத்துக்குக் கூடுபவர்களை அவ்வளவு எளிதாகத் தடுக்க முடியவில்லை. அதனால் நினைவுத் திருப்பலிகளும் இரங்கல் கூட்டங்களும் அரசியல் மேடைகளாயின. ஜெபத்தைச் சாக்காக வைத்து அரசியல் பேசினார்கள் என்று இதைச் சுருக்குவது சரியல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அழுகையும் நியாயம் கேட்பதும் வேறு வேறல்ல.

1976 ஜூன் 16 இக்கோயிலின் வரலாற்றில் மறக்க முடியாத நாள். கறுப்பின மாணவர்கள் கணிதம், சமூக அறிவியல் முதலிய பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படித்தாக வேண்டும் என்று 1974-இல் கல்வித்துறை ஆணை பிறப்பித்திருந்தது. ஆசிரியர்களில் பலருக்கே அம்மொழி சரிவரத் தெரியாது. மாணவர்களுக்கோ அது அடக்குபவர்களின் மொழி. இதை எதிர்த்து அன்று நலேடி, மோரிஸ் ஐசக்சன் உள்ளிட்ட உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் சீருடையோடு ஒர்லாண்டோ விளையாட்டரங்கை நோக்கி நடந்தார்கள். ஒர்லாண்டோ மேற்கில் காவல்துறை அவர்களைச் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவன் இறந்தான். அவனை ஒரு மாணவர் கைகளில் ஏந்தி ஓட, அக்கா உடன் ஓடிவரும் சாம் நிசிமாவின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. சிதறி ஓடிய மாணவர்களில் பலர் ரெஜினா முண்டிக்குள் புகுந்தார்கள். காவலர்கள் துரத்திவந்து கோயிலுக்குள்ளேயே சுட்டார்கள். உள்ளே உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. ஆனால் பலர் காயமடைந்தார்கள்.

அன்றைய தடயங்களை இன்றும் காணலாம். உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் துப்பாக்கிக் குண்டு துளைத்த குழிகள் இருக்கின்றன. பளிங்குப் பீடத்தின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. கிறிஸ்துவின் சுரூபத்துக்குக் கைகள் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்குக் கோயிலே சாட்சியாக நிற்கிறது.

கோயிலின் புகழ்பெற்ற கலைப்படைப்பு, ஓவியர் லாரி ஸ்கலி 1973-இல் தீட்டிய ‘சொவெட்டோவின் கறுப்பு மாதா’. கறுப்பினத்தவரின் கல்விக்கு நிதி திரட்டும் முயற்சியையொட்டி இது உருவானது. கறுப்பின மரியாள் கறுப்பினக் குழந்தை இயேசுவை ஏந்தியிருக்க, கீழே பெரிய கண் ஒன்று வரையப்பட்டுள்ளது. கருவிழி சொவெட்டோ, வெண்விழியிலிருந்து அதை நோக்கிக் குத்திட்டு வரும் இரு கவர்முனைகள் அம்மக்கள் மீது ஏவப்பட்ட வன்முறை, நடுவில் ஒளிரும் சிலுவை திருச்சபை. அன்றைய போலந்து அதிபரின் மனைவி யொலாந்தா குவாஷ்னியெவ்ஸ்கா வழங்கிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் இங்குள்ளன.

இவ்வளவுக்கும் பெருமை முழுவதையும் திருச்சபைத் தலைமைக்கே கொடுத்துவிட முடியாது. நிறவெறிக் கொள்கை இயல்பிலேயே தீயது என்று கத்தோலிக்க ஆயர்கள் 1957-லேயே அறிவித்தது உண்மை. கறுப்பினத்தவரின் கல்வியை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1953-ஆம் ஆண்டின் பாண்டுக் கல்விச் சட்டத்தின்படி தங்கள் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்க மறுத்து, அரசு மானியமின்றி அவற்றை நடத்த முயன்றதும் உண்மை. ஆயினும் திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு நீடித்தது. தங்கள் திருச்சபை தங்களைக் கைவிட்டுவிட்டது என்று 1970-இல் ஐந்து கறுப்பின அருட்தந்தையர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ரெஜினா முண்டியைப் போராட்டத்தின் இடமாக்கியவர்கள் அதன் பங்கு மக்களும், பிற சபைகளைச் சேர்ந்த அண்டை வீட்டாரும், எந்தக் கோயிலுக்கும் போகாத மாணவர்களும்தான். 1976-க்குப் பிறகு ஆண்டுதோறும் ஜூன் 16 நினைவுக்கூட்டங்கள் இங்கே நடந்தன.

நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்தபின், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம் இக்கோயிலில் அமர்வுகள் நடத்தியது. முன்பு கூடிப் பேசுவதே ஆபத்தாக இருந்த ஊரில், பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை அரசு ஆணையத்தின் முன் எழுந்து சொன்னார்கள். 1997-இல் அதிபர் நெல்சன் மண்டேலா இங்கு வந்து, விடுதலைப் போராட்டத்தில் கோயில் ஆற்றிய பங்கை மதித்து நவம்பர் 30-ஐ ரெஜினா முண்டி நாளாக அறிவித்தார். 2011 ஜூனில் அமெரிக்க அதிபரின் மனைவி மிஷெல் ஒபாமா ஆப்பிரிக்க இளம்பெண் தலைவர்களிடையே உரையாற்றியதும் இங்கேதான்.

சுற்றுலாப் பயணிகள் திரளாக வந்தாலும் ரெஜினா முண்டி அருங்காட்சியகமாக மாறிவிடவில்லை. ஞாயிறு திருப்பலி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கச் சடங்கு என ஒரு பங்குக் கோயிலுக்குரிய அத்தனையும் இங்கே வழக்கம்போல் நடந்துவருகின்றன.