படம் இருக்கு, பேர் எங்கே?

நடுவர் அவர்களே! "படம் இருந்தாப் போதும், கதை எதுக்கு?" என்று எதிரணி நண்பர் கேட்டார். கடலூர் பக்கத்திலே திருவந்திபுரம் போய்ப் பாருங்க ஐயா! தேவநாதப் பெருமாள் கோயிலிலே வேதாந்த தேசிகர் சிலை. சிற்பி ஒருவர் சவால் விட, தேசிகர் தம் உருவத்தைத் தாமே வடித்தாராம். சிற்பி குறை சொல்லி உளியால் கீற, தேசிகர் மேனியிலே ரத்தம் கசிந்ததாம். ஐதீகம்தான், ஆனா அந்தக் கதையாலேதான் இன்னைக்கும் கல்லை அவராகவே பார்க்கிறோம்.

1839-இல் பாரிசில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டது. 1858-இல் டிரைப் என்ற ஆங்கிலேயர் மதுரை, தஞ்சையைப் படம் பிடித்தார். பிறகு ஊருக்கு ஊர் ஸ்டுடியோ வந்தது. 1880 முதல் 1980 வரை நம்மவர்கள் எடுத்துக்கொண்ட ஸ்டுடியோப் படங்களை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலக உதவியோடு தேடித் தொகுத்தது. பழைய படத்திலே பட்டுச்சேலை தெரியும், சங்கிலி தெரியும். உடுத்தினவள் யார்? சொல்ல ஆள் வேணுமே!

முகூர்த்த நாளிலே அதே திருவந்திபுரத்திலே எத்தனை கல்யாணம், எத்தனை குரூப் போட்டோ! நாளைக்குப் பேரன், "இது யாரு?" என்பான். பாட்டி இருக்கும்போதே கேட்டு, படத்துப் பின்னாலே பேரை எழுதி வையுங்க. கதை போனா, நம்ம வீட்டு ஆளே நமக்கு அந்நியர்!