தென்காசி சந்திப்பு தொடர்வண்டி நிலையம்

தென்காசி சந்திப்பு தொடர்வண்டி நிலையம், தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத் தலைநகரான தென்காசியில் அமைந்துள்ள ஒரு தொடர்வண்டிச் சந்திப்பு நிலையமாகும். இது இந்திய இரயில்வேயின் தென்னக மண்டலத்தில், மதுரைக் கோட்டத்தின் கீழ் இயங்குகிறது. திருநெல்வேலி, விருதுநகர், கொல்லம் ஆகிய மூன்று திசைகளிலிருந்து வரும் பாதைகள் இங்கு இணைகின்றன. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்திற்கு இருப்புப்பாதை இல்லை. எனவே அருவிகளுக்கு வரும் பயணிகளும் இந்நிலையத்திலேயே இறங்குகின்றனர். சாரல் பருவமான சூன் முதல் செப்டம்பர் வரை இங்கு கூட்டம் மிகுதியாக இருக்கும்.

வரலாறு

திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் மீட்டர் பாதை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. திருநெல்வேலி–கல்லிடைக்குறிச்சிப் பகுதி 1902 இலும், கல்லிடைக்குறிச்சியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரையிலான பகுதி 1903 இலும் பயன்பாட்டிற்கு வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் செங்கோட்டை–புனலூர்ப் பகுதி 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. கழுதுருட்டி அருகேயுள்ள பதிமூன்று கண் பாலம் இம்மலைப்பகுதியைச் சேர்ந்தது. அக்காலத்தில் தென்காசி பிரித்தானிய ஆட்சியின் கீழும், 8 கிலோமீட்டர் மேற்கிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் சமத்தானத்திலும் இருந்தன. செங்கோட்டை 1956 இல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

இராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாக விருதுநகரிலிருந்து வரும் பாதை 1927 இல் திறக்கப்பட்டது. அதுவரை வழிநிலையமாக இருந்த தென்காசி, அப்போது சந்திப்பாயிற்று. மீட்டர் பாதைக் காலத்தில் சென்னை எழும்பூருக்கும் கொல்லத்திற்கும் இடையே ஓடிய கொல்லம் மெயில் இவ்வழியின் முதன்மையான வண்டியாக விளங்கியது.

அகலப்பாதை மாற்றம்

1,000 மி.மீ அகலமுள்ள மீட்டர் பாதையை 1,676 மி.மீ அகலப்பாதையாக மாற்றும் பணி மூன்று திசைகளிலும் ஒரே காலத்தில் நடைபெறவில்லை.

விருதுநகர்–தென்காசி–செங்கோட்டை: 2004
கொல்லம்–புனலூர்: 2010
திருநெல்வேலி–தென்காசி: 2012
செங்கோட்டை–புனலூர்: 2010 இல் மூடப்பட்டு, 2018 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது

இதனால் 2004 முதல் சில ஆண்டுகள் தென்காசியில் இருவகைப் பாதைகளும் அருகருகே இருந்தன. ஒரு பாதையின் வண்டி மறு பாதையில் ஓட இயலாது. ஆகவே, சென்னையிலிருந்து அகலப்பாதை வண்டியில் வந்து அம்பாசமுத்திரம் பக்கம் செல்வோர் இங்கு இறங்கி மீட்டர் பாதை வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2010 முதல் 2018 வரை கேரளத்துடனான தொடர்வண்டித் தொடர்பு இவ்வழியில் முற்றிலும் அறுபட்டிருந்தது. 1904 இல் நிறைவுற்ற இணைப்பு அகலப்பாதையாக மீண்டும் முழுமை பெற்றது 2018 இல்தான். 2020களின் முற்பகுதியில் இப்பாதைகள் மின்மயமாக்கப்பட்டன.

நிலைய அமைப்பு

இந்நிலையத்தின் அமைப்பை ஒரு கவட்டைக்கு ஒப்பிடலாம். கவட்டையின் இரு கிளைகளான கடையநல்லூர்ப் பாதையும் பாவூர்சத்திரம் பாதையும் நிலையத்தின் கிழக்கு முனையில் வந்து சேர்கின்றன. அதன் பிடியான செங்கோட்டைப் பாதை மேற்கு முனையிலிருந்து புறப்படுகிறது. இவ்வமைப்பே இங்கு எந்த வண்டி எளிதாகச் செல்லும், எது தாமதப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

விருதுநகர் திசையிலிருந்தோ திருநெல்வேலி திசையிலிருந்தோ செங்கோட்டைக்குச் செல்லும் வண்டி நேராகச் சென்றுவிடும். ஆனால் திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாக வந்து இராஜபாளையம் நோக்கிச் செல்லும் வண்டி, வந்த முனையிலேயே வெளியேற வேண்டும். அதற்காக எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையில் பூட்டி, தடைக்கருவியைச் சோதித்த பின்னரே வண்டி புறப்படும். அதுவரை நிலையத்தின் இரண்டு தடங்கள் பயன்பாட்டில் இருக்கும். வண்டியின் பெட்டி வரிசையும் தலைகீழாகிவிடும். அம்பாசமுத்திரத்தில் முன்னே இருந்த பெட்டி சங்கரன்கோவிலில் கடைசியில் நிற்கும். 2022 இல் சிறப்பு வண்டியாகத் தொடங்கப்பட்ட திருநெல்வேலி–மேட்டுப்பாளையம் வாராந்திர வண்டி இவ்வகையைச் சேர்ந்தது.

இரு கிளைகளையும் நிலையத்திற்கு வெளியிலேயே இணைக்கும் புறவழிப்பாதை அமைக்க வேண்டும் என்பது பயணிகளின் கோரிக்கைகளுள் ஒன்று. அது அமைந்தால் எஞ்சின் மாற்றும் நேரம் மிச்சமாகும். ஆயினும் அவ்வழியில் செல்லும் வண்டி தென்காசி நிலையத்தைத் தொடாமலே சென்றுவிடும் என்பதால், மாவட்டத் தலைநகருக்கு வேறொரு நிறுத்தம் தேவைப்படும்.

நடைமேடைகள்

அகலப்பாதை மாற்றத்தின்போது பழைய தாழ்ந்த நடைமேடைகளுக்கு மாற்றாக மேல்மட்ட நடைமேடைகள் அமைப்பது வழக்கம். இவை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ வரை உயரமுடையவை. முதியோரும் குழந்தைகளும் படியில் தொற்றி ஏறாமல் பெட்டிக்குள் செல்ல இவை உதவுகின்றன.

உயரத்தைப் போலவே நீளமும் முக்கியமானது. பழைய ஐ.சி.எஃப் வகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 22.3 மீட்டர் நீளமும், புதிய எல்.எச்.பி வகைப் பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர் நீளமும் கொண்டவை. எனவே 24 பெட்டிகள் கொண்ட வண்டியைப் பழைய வகையிலிருந்து புதிய வகைக்கு மாற்றினால், பெட்டிகளின் எண்ணிக்கை கூடாமலே வண்டி ஏறத்தாழ 40 மீட்டர் நீண்டுவிடும். முன்பு போதுமானதாக இருந்த நடைமேடை இதனால் குறுகிப்போகும். கடைசிப் பெட்டிகளின் பயணிகள் நடைமேடை இல்லாத இடத்தில் சரளைக்கல் மீது இறங்க நேரிடும்.

மலைப்பாதையும் வண்டியின் நீளத்தைக் கட்டுப்படுத்துகிறது. செங்கோட்டை–புனலூர் ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்குத் துணை எஞ்சின் பூட்டப்படும். 2018 இல் திறக்கப்பட்டபோது அங்கு 14 பெட்டிகள் வரையே அனுமதிக்கப்பட்டன. பின்னர் இவ்வரம்பு உயர்த்தப்பட்டது. அமிர்த பாரத நிலையத் திட்டத்தில் தென்காசியும் அம்பாசமுத்திரமும் மேம்பாட்டிற்காகச் சேர்க்கப்பட்டுள்ளன.

தொடர்வண்டிகளும் இணைப்பு நேரங்களும்

நெடுந்தொலைவு வண்டிகள் பலவற்றிற்குத் தென்காசி வழிநிலையமே. அவை புறப்படும் இடம் செங்கோட்டையாகும்.

பொதிகை விரைவு வண்டி: செங்கோட்டை–சென்னை எழும்பூர். மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை சென்னையை அடைகிறது.
சிலம்பு விரைவு வண்டி: செங்கோட்டையிலிருந்து மானாமதுரை, காரைக்குடி வழியாகச் சென்னை செல்கிறது.
கொல்லம்–சென்னை எழும்பூர் விரைவு வண்டி: மலைப்பாதை திறக்கப்பட்டபின் தொடங்கப்பட்டது.
பாலருவி விரைவு வண்டி: திருநெல்வேலி–பாலக்காடு. 2024 இல் தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்டது. தென்காசியை நள்ளிரவுக்குப் பின் கடக்கிறது.
மதுரை–குருவாயூர் விரைவு வண்டி: தனித்தனியாக ஓடிய வண்டிகளை இணைத்து 2023 இல் உருவாக்கப்பட்டது.
தாம்பரம்–செங்கோட்டை விரைவு வண்டி: 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. திருவாரூர், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வழியாக வருகிறது.

இந்நிலையத்தின் இணைப்பு நேரங்கள் யாருக்குப் பயன்படுகின்றன என்பதற்குக் கடையம் நல்ல எடுத்துக்காட்டாகும். பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில், 1918 இல் சிறையிலிருந்து விடுதலையானபின் பாரதியார் 1920 வரை வாழ்ந்தார். இவ்வூருக்கான நிலையம் கீழக்கடையம் என்னும் பெயரில் அம்பாசமுத்திரத்திற்கும் பாவூர்சத்திரத்திற்கும் இடையில் உள்ளது. பொதிகை இவ்வழியே செல்வதில்லை. அதில் சென்னை செல்ல விரும்பும் கடையத்தார் முதலில் மேற்கே தென்காசிக்கு வந்து, பின்னர் கடையநல்லூர்ப் பாதையில் திரும்ப வேண்டும். மற்றொரு வழி, கிழக்கே திருநெல்வேலிக்குச் சென்று அங்கு வண்டி ஏறுவதாகும்.

தென்காசி வழியைத் தேர்ந்தால், திருநெல்வேலி–செங்கோட்டைப் பயணிகள் வண்டி பொதிகைக்கு முன்னதாக வந்து சேர வேண்டும். இப்பாதை ஒற்றைத் தடமாகும். எதிர்வரும் வண்டிக்கு வழிவிடுவதற்கு, கூடுதல் தடமுள்ள நிலையங்களில் காத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்த நிலையங்களுக்கும் பரவும். கால அட்டவணையில் அரை மணி நேர இடைவெளி இருந்தாலும் அது ஒரு வழிவிடலில் கரைந்துவிடக்கூடும். முன்பதிவு செய்த வண்டி சென்றுவிட்டால், அடுத்த நேரடி வண்டி பெரும்பாலும் மறுநாள்தான். ஆகவே சந்திப்பு நிலையம் ஒன்றின் பயன், அங்கு வண்டிகள் நிற்பதால் மட்டும் அமைவதில்லை. ஒரு வண்டியில் இறங்கியவர் மறு வண்டியில் ஏறுவதற்குப் போதிய நேரம் இருக்கும்போதே அது முழுமை பெறுகிறது.