பேட்டரி சைக்கிள் ஏமாற்று வேலையா?

பேட்டரி சைக்கிளில் காலேஜுக்கு வருபவன் சைக்கிள் ஓட்டுகிறானா, இல்லை ஓட்டுவது போல நடிக்கிறானா? எங்கள் வகுப்பில் ஒரு வாரமாக இந்தச் சண்டைதான். சரி, வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில், இது புதுசே இல்லை. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பரிலேயே மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்!

கேலியும் பழசுதான். 1903-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதியவர். ஓட்டிக்கொண்டே செயினை நகர்த்தி கியர் மாற்றும் கருவியை அந்தப் பந்தயத்தில் 1937-ல்தான் அனுமதித்தார்கள். இன்று கியர் சைக்கிளை யாராவது ஏமாற்று என்பார்களா?

"கியர் நம் கால் பலத்தைத்தானே பயன்படுத்துகிறது, மோட்டார் வெளியிலிருந்து பலம் தருகிறதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் எங்கள் சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் இருக்கிறது.

முன்பெல்லாம் பட்டுத்தறியில் டிசைனுக்கான இழைகளை 'அடை' முறையில் ஓர் உதவியாள் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிரான்சில் 1804-ல் உருவான ஜக்கார்டு, துளை போட்ட அட்டைகளை வைத்து அந்த வேலையைச் செய்தது. அது இங்கே வந்த பிறகும் சேலை கைத்தறிச் சேலைதான். ஏனென்றால் மிதிப்பதும் நாடா போடுவதும் மனிதர்தான்.

1985-ல் வந்த சட்டம் சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. விசைத்தறி அல்லாத தறிதான் கைத்தறி என்பது அதன் வரையறை. 2012 வாக்கில், ஏதாவது ஒரு வேலை கையால் நடந்தாலே கைத்தறி எனலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. கைத்தறி தரப்பு கடுமையாக எதிர்த்தது. மோட்டார் மேல் கோபமா? இல்லை. விசைத்தறியில் வேகமாக நெய்த சேலை அதே பெயரில் கடையில் தொங்கினால், பல நாள் உட்கார்ந்து நெய்தவரின் கூலி என்னாவது? வாங்குபவரும் ஏமாறுவாரே!

ஆக, ஏமாற்று மோட்டாரில் இல்லை, பெயரில் இருக்கிறது. 2016 ஜனவரியில் பெல்ஜியத்தில் நடந்த சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் சைக்கிளுக்குள் மோட்டார் ஒளிந்திருந்தது. 6 வருடத் தடை! அங்கே எல்லோரும் சொந்தக் காலால் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்தவர்கள்.

ஆனால் குழித்தறியில் பகலெல்லாம் மிதித்த ஒருவர், சாயங்காலம் பேட்டரி சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போனால் யாரை ஏமாற்றுகிறார்? அவர் எந்தப் பந்தயத்திலும் இல்லையே.

என் தீர்ப்பு இதுதான்: தாராளமாக ஓட்டுங்கள். "இன்னைக்கு 20 கிலோமீட்டர் மிதிச்சேன்" என்று பெருமை அடிக்கும்போது மட்டும், மோட்டாரின் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்!